தமிழ் எந்த பெஞ்சில் உட்காரட்டும்? டர்பன் பெற்றோர் முன்னால் மூன்று வழிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் சார்பில் இரண்டு தவணை இருந்தேன். அதனால் பள்ளிக்கு விண்ணப்பம் போடும் காலம் வந்தாலே ஒரே கேள்வி வெவ்வேறு வாயிலிருந்து என்னிடம் வருகிறது: "எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறதையே எங்கள் பிள்ளையும் படிக்கட்டுமா, இல்லை நம்ம மொழி, நம்ம வழக்கம் இருக்கிற இடமாகப் பார்க்கணுமா?"

இந்த ஆண்டு மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் ஃபீனிக்ஸில் இருக்கும் ஓர் அம்மா. மகள் கிரேட் 9. இன்னொன்று, சென்னையிலிருந்து வேலைக்காக உம்ஷ்லாங்காவுக்கு வந்து இரண்டு ஆண்டான தம்பதி. பையனுக்கு ஆறு வயது. மூன்றாமவர் ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர். அவர் தன் பிள்ளைக்காக மட்டும் கேட்கவில்லை, எண்ணூறு பிள்ளைகளுக்காகக் கேட்டார். மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. எடை போடும் கற்கள் மட்டும் ஒன்றுதான்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த நாட்டில் "தனி" என்ற சொல்லிலும் சூட்டுத் தழும்பு உண்டு, "ஒரே மாதிரி" என்ற சொல்லிலும் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அரசு நெடுங்காலம் போதிய பள்ளி கட்டித் தரவில்லை. நம் ஆட்களே காசு சேர்த்துக் கட்டிவிட்டு, பிறகு அரசிடம் மானியம் கேட்டு நின்றார்கள். நிறவெறி ஆட்சி 1953இல் பாண்டு கல்விச் சட்டத்தால் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தாழ்ந்த கல்வி ஒன்றை வகுத்தது. 1965இல் இந்தியர் கல்விச் சட்டம் வந்து நம் பள்ளிகளையும் தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டியது. தனியாக இருப்பது அன்று நாம் தேர்ந்துகொண்டதல்ல, நம்மேல் போடப்பட்டது. மறுபக்கம், பாதிப் பாடங்களை ஆண்டவர்களின் மொழியான ஆஃப்ரிக்கான்ஸில் நடத்த வேண்டும் என்ற ஆணையை எதிர்த்து 1976 ஜூன் 16 அன்று சொவேட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் அவர்களைச் சுட்டுக் கொன்றது. எல்லாருக்கும் ஒரே மொழி என்று மேலிருந்து திணித்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துச் சொன்னார்கள்.

இரண்டு பக்கத்திலும் சுட்டுக்கொண்ட நாடு இது. இங்கே நின்றுதான் எடை போடுகிறோம்.

## எடைக்கற்கள்

பக்கத்து இருக்கை. பிள்ளையின் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? இதை நான் முதலில் வைக்கிறேன், மற்ற நான்கையும்விடக் கனமாக வைக்கிறேன். 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் நடுவே மூண்ட கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். 2021 ஜூலையில் ஃபீனிக்ஸில் மறுபடி உயிர்கள் போயின. வறுமை, அரசியல், வதந்தி என்று காரணங்கள் பல. ஆனால் இந்தியர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸும் ஆப்பிரிக்கர் வாழும் இனாண்டாவும் ஒட்டிக் கிடக்கிற ஊர்கள். அப்படி இருந்தும் அந்தப் பக்கத்துப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாமல் இந்தப் பக்கத்தில் தலைமுறைகள் வளர்ந்தன. நெருப்புக்கு அதுவும் ஒரு விறகு. ஓட்டுப் போடப் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகும் முதல் இடம் வகுப்பறைதான்.

சான்றிதழ். கடைசியில் கையில் வரும் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) சான்றிதழ் எல்லாக் கதவையும் திறக்குமா?

நாக்கு. தமிழ் உண்மையிலேயே வாயில் வருமா, அல்லது ஆண்டு விழாவுக்கு மட்டும் வருமா?

முடிவு யார் கையில். பிடிக்கவில்லை என்றால் கேட்க, மாற்ற, தேர்தலில் நிற்கப் பெற்றோருக்கு வழி இருக்கிறதா?

காசும் நேரமும். கட்டணச் சீட்டில் வராத செலவும் இதில் சேர்த்தி.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான். 1996 அரசமைப்பின் 6ஆம் பிரிவு, குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது, ஜெர்மன், கிரேக்கம், போர்த்துக்கீசியம் ஆகியவற்றோடு தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இவற்றை மதித்து வளர்க்கும் பொறுப்பை மொழி வாரியத்திடம் கொடுக்கிறது. ஆனால் ஆட்சிமொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. 2023இல் சைகை மொழியும் சேர்ந்து அந்தப் பட்டியல் 12 ஆனது. 29ஆம் பிரிவு தரும் உரிமை, நடைமுறைக்கு ஒத்துவரும் இடத்தில், விரும்பிய ஆட்சிமொழியில் அரசுப் பள்ளியில் படிக்கும் உரிமை. ஆகவே தமிழை மதிக்கச் சொல்லிக் கேட்கலாம். தமிழ்வழி அரசுப் பள்ளி வேண்டும் என்று உரிமையாகக் கேட்க முடியாது.

## வழி ஒன்று: பள்ளியில் பொதுப் பாடம், தமிழ் வெளியே

பிள்ளை பக்கத்து அரசுப் பள்ளியில் கேப்ஸ் என்ற தேசியப் பாடத்திட்டம் படிக்கும். தமிழ், சனிக்கிழமை பாடசாலையில். நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் வளர்ந்தோம். நானும் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கோயில் மண்டபத்துக்கு ஓடியவன்தான்.

பக்கத்து இருக்கைக் கல்லில் இது நன்றாக நிற்கிறது. சான்றிதழிலும் குறை இல்லை. நிர்வாகக் குழுவில் வாக்குரிமை உள்ள மற்ற எல்லாத் தரப்பையும் சேர்த்தால் வரும் எண்ணிக்கையைவிடப் பெற்றோர் ஒருவராவது கூடுதலாக இருக்க வேண்டும் என்று 1996 பள்ளிகள் சட்டம் சொல்வதால், குரல் கொடுக்கவும் இடம் உண்டு.

நாக்கில்தான் சறுக்குகிறது. எனக்கு ஒன்பது வயதில் தேவாரம் மூன்று பதிகம் மனப்பாடம். ஒரு வரிக்கும் பொருள் தெரியாது. "தண்ணி வேணும்" என்று ஆயாவிடம் தமிழில் கேட்க வாய் வராது. நான் பார்த்த பல வகுப்புகளில் இன்றும் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். பாடட்டும், பக்தியில் குறை சொல்ல நான் யார்? ஆனால் அதை மொழிக் கல்வி என்று எண்ணிக்கொண்டிருந்தால் நாம் ஏமாறுகிறோம்.

வெளியில் தெரியாத செலவு இரண்டு. ஒன்று, மதிப்பெண் இல்லாத பாடத்தைப் பிள்ளை கிரேட் 8க்கு மேல் விட்டுவிடும். விளையாட்டு, டியூஷன், நண்பர்கள் எல்லாம் வந்து சனிக்கிழமையைத் தின்றுவிடும். இரண்டாவதை நாம் பேசுவதே இல்லை. வகுப்பு கோயில் மண்டபத்தில் நடந்தால் தமிழ்க் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை அங்கே வராது. இந்த ஊரில் அப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனை என்று எல்லாருக்கும் தெரியும். மொழியைக் கோயிலோடு சேர்த்துக் கட்டி, தமிழ் பேசுகிறவர்களில் ஒரு பகுதியை நாமே வாசலில் நிறுத்திவிட்டோம்.

இதற்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. பள்ளிகள் சட்டத்தின் 20ஆம் பிரிவு, சமூகத் தேவைகளுக்காகப் பள்ளிக் கட்டடத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் அதிகாரத்தை நிர்வாகக் குழுவுக்குத் தருகிறது. பாடசாலையை மண்டபத்திலிருந்து வகுப்பறைக்கு மாற்றினால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். எங்கள் பகுதியில் அப்படி மாற்றிய ஒரு வகுப்பில் ஸூலு பேசும் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி 'ழ' சொன்ன அழகை நான் மறக்க மாட்டேன்.

## வழி இரண்டு: பொதுப் பள்ளிக்குள்ளேயே தமிழ் ஒரு பாடம்

கேப்ஸ் பாடத்திட்டத்தில் இரண்டாம் கூடுதல் மொழி என்ற வரிசையில் தமிழ் இருக்கிறது. பள்ளி விரும்பினால் நடத்தலாம், மெட்ரிக் வரைக்கும் தேர்வு எழுதலாம். மற்றப் பிள்ளைகளோடு அதே பெஞ்ச், அதே சான்றிதழ், தமிழுக்கும் மதிப்பெண். என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். அதனாலேயே இதன் விலையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

மெட்ரிக்குக்கு ஏழு பாடம். தாய்மொழி நிலையில் ஒரு மொழி, முதல் கூடுதல் மொழி ஒன்று, கணிதம் அல்லது கணித அறிவு, வாழ்க்கை நெறி ஆகிய நான்கும் கட்டாயம். மீதி மூன்றுதான் பிள்ளை தேர்ந்தெடுப்பது. அந்த இரண்டு கட்டாய மொழியும் ஆட்சிமொழியாக இருக்க வேண்டும் என்பதால் தமிழ் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் வரும். மருத்துவமோ பொறியியலோ கனவு காணும் பிள்ளைக்கு இயற்பியல்-வேதியியல், உயிரியல், கணக்கியல் என்று மூன்று இடமும் நிறைந்துவிடுகிறது. தமிழை உள்ளே கொண்டுவந்தால் ஒன்று வெளியே போக வேண்டும், அல்லது தமிழை எட்டாவது பாடமாகச் சுமக்க வேண்டும். எட்டுப் பாடம் சுமக்கும் தெம்பு எல்லாப் பிள்ளைக்கும் இருக்காது. இதைச் சொல்லாமல் "தமிழ் எடு, தமிழ் எடு" என்று மேடையில் பேசுவது பிள்ளைக்குச் செய்யும் நியாயம் இல்லை.

அடுத்தது ஆசிரியர். அரசு தரும் ஆசிரியர் இடங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவை. பதினைந்து பேர் உட்காரும் தமிழ் வகுப்புக்குத் தனி இடம் கிடைப்பது கடினம். அப்படியானால் சம்பளத்தை நிர்வாகக் குழுவே கட்டணப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். கட்டணம் யார் கட்டுகிறார்கள்? எல்லாப் பெற்றோரும். தமிழ் படிக்காத பிள்ளையின் அம்மா கட்டும் பணத்திலும் ஒரு பங்கு அந்தச் சம்பளத்துக்குப் போகிறது. "எங்களுக்கு என்ன?" என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. நான் குழுவில் இருந்தபோது ஒரு தாய் அப்படியே எழுந்து கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அன்று வீட்டுக்கு வந்தும் தூக்கம் பிடிக்கவில்லை.

பதில் பிறகுதான் பிடிபட்டது: தமிழ் வகுப்பு தமிழ்ப் பிள்ளைகளுக்கான வகுப்பு என்று இருக்கவே கூடாது. தமிழ் என்ற பாடத்தை எந்தப் பிள்ளையும் எடுக்கலாம். வராத பிள்ளைகளுக்கு அந்த மணிநேரத்தில் சமமான வேறொன்று இருக்க வேண்டும். தெலுங்கு, இந்தி, உருதுப் பெற்றோர் கேட்டால் அதே அளவுகோல்தான். இவ்வளவு பேர் சேர்ந்தால் வகுப்பு, சேராவிட்டால் சனிக்கிழமை. இல்லாவிட்டால் மணி அடித்ததும் பிள்ளைகள் இனம் இனமாகப் பிரிந்து வெவ்வேறு அறைக்குப் போவார்கள். 1965இன் தனிப் பெட்டி பின்கதவு வழியாக உள்ளே வந்துவிடும்.

இதில் நிர்வாகக் குழுவின் கையும் முழுக்கச் சுதந்திரமானதல்ல. ம்புமலாங்கா மாகாணத்தில் எர்மெலோ என்ற ஊரில், இடம் காலியாக இருந்தும் ஆஃப்ரிக்கான்ஸ்வழிப் பள்ளி ஒன்று ஆங்கிலவழிப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தது. 2009இல் அரசமைப்பு நீதிமன்றம் இரண்டு பக்கத்துக்கும் குட்டு வைத்தது. குழுவின் அதிகாரத்தைக் கல்வித் துறை பிடுங்கிய விதம் தவறு என்றது. குழுவும் தன் பள்ளிப் பிள்ளைகளை மட்டும் பார்க்காமல் சுற்றியுள்ள சமூகத்தின் தேவையையும் பார்த்துத்தான் மொழிக் கொள்கை வகுக்க வேண்டும் என்றது. 2024இல் வந்த பெலா (அடிப்படைக் கல்விச் சட்டங்கள் திருத்த) சட்டம் இன்னும் ஒரு படி போய், மொழிக் கொள்கைக்கு மாகாணக் கல்வித் துறைத் தலைவரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சிலருக்கு இதில் பயம் இருக்கிறது. எனக்கும் கொஞ்சம் உண்டு, நல்ல அதிகாரி மாறி மோசமானவர் வந்தால் என்ன செய்வது? ஆனாலும் சிறுபான்மையாக இருக்கும் நமக்கு, சுற்றியுள்ள சமூகத்தையும் பார் என்ற விதி கெடுதல் இல்லை. வேறொரு பள்ளியில் நம் பிள்ளைதான் அந்தச் "சுற்றியுள்ள சமூகம்".

## வழி மூன்று: நமக்கென்று தனிப் பள்ளி

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் பலர் நினைக்கும் வடிவத்தில் இது கிடையவே கிடையாது. தனியார் பள்ளி நடத்த அரசமைப்பு இடம் தருகிறது, ஆனால் சொந்தச் செலவில். இனத்தின் பேரில் யாரையும் ஒதுக்கக் கூடாது, பதிவு செய்ய வேண்டும், தரம் அரசுப் பள்ளிக்குக் குறையக் கூடாது. அதனால் "தமிழர் மட்டும்" என்று பலகை மாட்ட முடியாது. என்னைக் கேட்டால், மாட்ட முடியாமல் இருப்பதே நல்லது.

குறைந்த கட்டணம் வாங்கும் பள்ளிக்கு மானியம் உண்டு. அதிகபட்சம், அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவிடுவதில் 60 சதவீதம். மீதியைப் பெற்றோர் கட்ட வேண்டும். முடிவெடுப்பது அறக்கட்டளையோ உரிமையாளரோ; பிடிக்கவில்லை என்றால் பிள்ளையை வெளியே எடுக்கலாம், அவ்வளவுதான். சான்றிதழில் பிரச்சினை இல்லை. தனியார் தேர்வு வாரியத்தில் எழுதினாலும் சான்றளிப்பது அதே உமலூசி என்ற தர வாரியம்தான்.

எப்போது இது சரி? பக்கத்து அரசுப் பள்ளி உண்மையிலேயே சீரழிந்து, பாதுகாப்பே கேள்விக்குறியாக இருந்தால். பிள்ளையின் பதினாறு வயதைப் பெற்றோரின் கொள்கைக்காகப் பலி கொடுக்கச் சொல்ல மாட்டேன். மற்றபடி, நம் முன்னோர் தனிப் பள்ளி கட்டியது வேறு கதவு திறக்காததால். இன்று கதவு திறந்திருக்கிறது.

## மூக்குத்தி சொன்ன பாடம்

பொதுவான விதியா, நம் வழக்கமா என்று மோதும்போது என்ன செய்வது என்பதற்கு நம் வீட்டிலிருந்தே போன ஒரு வழக்கு உண்டு. டர்பனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த தமிழ்ப் பெண் மூக்குத்தி போட்டுக்கொண்டு வந்தாள். பெண் பெரியவளானால் மூக்குக் குத்தி மூக்குத்தி போட்டுவிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். பள்ளி விதியில் அதற்கு இடம் இல்லை. சமத்துவ நீதிமன்றத்தில் பள்ளி வென்றது, உயர் நீதிமன்றத்தில் தோற்றது. 2007இல் அரசமைப்பு நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி பியஸ் லாங்கா எழுதிய தீர்ப்பு அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது. அதற்குள் அவள் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டாள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மூக்குத்தி மதத்தில் கட்டாயமா என்ற கேள்வி எழுந்தது. கட்டாயமாக இருக்க வேண்டியதில்லை, மனமுவந்து காக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். அதே சமயம் சீருடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. சீருடை இருக்கட்டும், நியாயமான விலக்குக் கேட்க ஒரு வழியை விதிக்குள்ளேயே வை என்றது. பெலா சட்டமும் இப்போது நடத்தை விதிகளில் பலதரப்பட்ட பண்பாடும் சமய வழக்கமும் கணக்கில் வர வேண்டும் என்கிறது. நல்ல பொதுவிதி என்றால் எனக்கு இதுதான்: எல்லாருக்கும் ஒன்று, காரணம் சொல்லிக் கேட்டால் கேட்டுப் பார்க்கும் காதும் உண்டு. நாம் மூக்குத்திக்குக் கேட்ட காதை, நாளைக்கு ஒரு ஸூலுப் பையன் மணிக்கட்டில் கட்டி வரும் தோல் கயிற்றுக்கும் கொடுக்க வேண்டும்.

## யாரும் கேட்காத கேள்வி: ஸூலுவா, ஆஃப்ரிக்கான்ஸா?

மூன்று வழியில் எதைப் பிடித்தாலும் முதல் கூடுதல் மொழி ஒன்று எடுத்தாக வேண்டும். நம் வீடுகளில் இன்னும் ஆஃப்ரிக்கான்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் கேட்டால் "மார்க் வாங்கச் சுலபம்" என்கிறார்கள். டர்பன் இருக்கும் குவாசூலு-நடால் மாகாணத்தில் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீட்டில் பேசுவது ஸூலு. நம் பகுதிப் பள்ளிகள் பலவற்றில் இன்று பெஞ்சில் உட்காருகிறவர்களில் பெரும்பகுதி அந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் ஆங்கிலம் படித்து நம்மோடு பேசுகிறார்கள். நாம் அவர்கள் மொழியைப் படிக்க மாட்டோம், ஆனால் நம் மொழிக்குப் பள்ளியில் இடம் வேண்டும் என்று கேட்போமா? எந்த முகத்தோடு கேட்பது? தமிழுக்காகக் குழுக் கூட்டத்தில் எழுந்து நிற்கும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, "பிள்ளை ஸூலு படிக்கிறதா?" என்றுதான். படிக்கிறது என்றால் அவர் கோரிக்கைக்கு அந்த அறையிலேயே இரண்டு மடங்கு கனம் வந்துவிடும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| எடைக்கல் | சனிக்கிழமைத் தமிழ் | பள்ளிக்குள் தமிழ் | தனிப் பள்ளி |
|---|---|---|---|
| பக்கத்து இருக்கை | நன்று | நன்று, வகுப்பு எல்லாருக்கும் திறந்திருந்தால் | கட்டணம் கட்ட முடிந்தவர்கள் மட்டும் |
| சான்றிதழ் | குறை இல்லை | குறை இல்லை, ஒரு விருப்பப் பாடம் போகும் | குறை இல்லை |
| நாக்கு | ஆசிரியரைப் பொறுத்தது | மதிப்பெண் இருப்பதால் நிற்கும் | பள்ளியைப் பொறுத்தது |
| முடிவு | பெற்றோர் கையில் | குழு, துறைத் தலைவர் இருவர் கையில் | உரிமையாளர் கையில் |
| மறைந்த செலவு | சனிக்கிழமைகள் | ஆசிரியர் சம்பளம் | கட்டணம், வண்டிச் செலவு |

## மூவருக்கும் என் பதில்

ஃபீனிக்ஸ் அம்மாவுக்கு: மகள் இந்த ஆண்டு முடிவில் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டும். அவளுக்கு மருத்துவக் கனவு என்றீர்கள். இயற்பியலை விடச் சொல்லாதீர்கள். தமிழை எட்டாவது பாடமாக எடுக்க அவளே விரும்பினால் எடுக்கட்டும், நீங்கள் விரும்பினால் போதாது. இல்லாவிட்டால் சனிக்கிழமை வகுப்பு, அதோடு வீட்டில் தினமும் அரை மணி நேரம் தமிழில் மட்டும் பேச்சு.

உம்ஷ்லாங்காத் தம்பதிக்கு: உங்கள் வீட்டில் தமிழ் உயிரோடு இருக்கிறது. நாங்கள் இங்கே நாலு தலைமுறையாகத் தேடுவது உங்கள் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. பையனுக்கு எழுதப் படிக்க மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும், முதல் வழியே நிறைவு. அவனுக்குக் குறைவது ஸூலுவும் இந்த ஊர்ப் பிள்ளைகளின் சிநேகமும். பக்கத்து அரசுப் பள்ளியைப் போய்ப் பாருங்கள். அப்புறம், முடிந்தால் சனிக்கிழமை வந்து எங்கள் பிள்ளைகளோடு தமிழில் பேசிக்கொண்டிருங்கள். பாடம்கூட நடத்த வேண்டாம்.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவருக்கு: இரண்டாம் வழியில் நேராகக் குதிக்காதீர்கள். நடத்தை விதியில் விலக்குக் கேட்கும் வழி எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் அதுதான் முதல் வேலை. பிறகு ஸூலு முதல் கூடுதல் மொழியாக நன்றாக நடக்கிறதா, அதற்குத் தகுதியான ஆசிரியர் இருக்கிறாரா என்று பாருங்கள். தமிழுக்கு வகுப்பறை ஒன்றைச் சனிக்கிழமை காலை திறந்துவிட்டு, யார் யார் வருகிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஓர் ஆண்டு எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையோடு மொழிக் கொள்கைத் திருத்தத்தை எழுதித் துறைக்கு அனுப்பலாம். அடுத்த குழுத் தேர்தல் 2027இல். அதற்குள் இவ்வளவும் செய்ய நேரம் இருக்கிறது. இந்த வாரம் தலைமையாசிரியரிடம் அந்த வகுப்பறைச் சாவியைக் கேளுங்கள்.